கிளுவைப் போத்து வேலியாகும் விதம்

காங்கேயம், தாராபுரம் பக்கம் சாலையோரமாகப் போகும் முள்வேலி பெரும்பாலும் கிளுவைதான். கோடையில் ஓர் இலைகூட இருக்காது. நல்ல மழை ஒன்று விழுந்தால் மளமளவென்று துளிர்த்துவிடும். மானாவாரி மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைச் சுற்றி அடைப்பது இதை வைத்துத்தான். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் அங்கங்கே வெள்வேல மரமும் இருக்கும். மாட்டை விட்டுப் படலைச் சாத்திவிட்டால் கூடவே நின்று மேய்க்க ஆள் வேண்டியதில்லை.

இந்த வேலிக்கு விதை தேவையில்லை என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. வெட்டிய போத்துகளை, அதாவது கிளைத் துண்டுகளை, நிலத்தின் ஓர வரப்பான பொழியில் நெருக்கமாக நட்டால் போதும். மொட்டிலும் இளந்துளிரிலும் சுரக்கும் ஆக்சின் என்ற ஹார்மோன் தண்டுக்குள் நுனியிலிருந்து அடியை நோக்கி நகரும். வெட்டுப்பட்ட அடிமுனைக்கு வந்ததும் அப்புறம் போக வழியில்லை, அங்கேயே சேர்ந்துவிடும். சேர்ந்த இடத்தில் செல்கள் மறுபடி பிரிந்து பெருகி வேர் விடுகின்றன. அதனால் அடி எது, நுனி எது என்று பார்த்து நட வேண்டும். வேர் பிடிக்கும்வரை தண்டில் இருக்கும் மாவுச்சத்தும் நீரும் தாங்கும். இலை இல்லாததால் நீர் ஆவியாவதும் குறைவு.

அடர்த்திக்கும் அதே ஆக்சின்தான் காரணம். நுனி இருக்கும்வரை பக்க மொட்டுகளைத் தூங்க வைத்திருக்கும். நுனியை வெட்டினால் அவை விழித்துக்கொண்டு கிளைக்கும். வெட்ட வெட்ட வேலி நெருங்கும்.

இலை உதிர்ந்த கிளுவையைப் பட்டுப்போனது என்று நினைத்துவிடக் கூடாது. காகிதம்போல உரியும் பட்டைக்கு அடியில் நகத்தால் லேசாகச் சுரண்டினால் பச்சை தெரியும். அது பச்சையம். வெயில் மெல்லிய பட்டையை ஊடுருவுவதால் இலையில்லாத காலத்திலும் தண்டு கொஞ்சம் உணவு தயாரிக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கும் இந்த நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான செடி கிடைப்பது அரிது. வெள்ளைப்போளம் என்ற வாசனைப் பிசினைத் தரும் மரமும் இதே கமிபோரா பேரினம்தான்.

இருபக்கமும் வேலி உள்ள மண்பாதையான இட்டேரியில் நடந்தால் இந்த வேலிமேல் பிரண்டையும் கோவைக்கொடியும் படர்ந்திருக்கும், அடியில் கௌதாரி ஓடும். கம்பிவேலி இவற்றுக்கு இடம் தராது. இன்று கம்பி போடுகிறவர்கள் கிளுவையைப் பிடுங்காமல், அதை ஒட்டியே கல்லுக்கால் நடலாம். இடையில் ஒரு செடி பட்டுப்போனாலும் பக்கத்துச் செடியில் ஒரு போத்து வெட்டி அந்தச் சந்தில் ஊன்றிவிடலாம், செலவே இல்லை.