வோட்காவுக்கென்று மணமில்லை, பிறகு ஏன் தக்காளி சாஸில் ஊற்றுகிறார்கள்?

பென்னே அல்லா வோட்கா என்றொரு பாஸ்தா உண்டு. 1980களில் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பல உணவகங்களில் சக்கைப்போடு போட்டது. தக்காளி, வெங்காயம், க்ரீம், கொஞ்சம் வற்றல் மிளகாய், கூடவே கால் கப் வோட்கா. ரம் ஊற்றினால் வெல்லப்பாகு மணக்கும். பிராந்தி ஊற்றினால் திராட்சையும் மரப்பீப்பாயும் மணக்கும். வோட்காவில் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் அது சேர்ந்த சாஸில் தக்காளி வாசனை தூக்கலாக இருக்கிறது.

இது மதுவில் இருக்கும் ஆல்கஹாலான எத்தனால் செய்யும் வேலை. அதன் மூலக்கூறில் ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறுமுனை எண்ணெயோடு சேரும். தக்காளியின் மணம் 400க்கும் மேற்பட்ட ஆவியாகும் பொருட்களால் ஆனது. அவற்றில் பல தண்ணீரில் எளிதில் கரையாதவை. கடுகையும் பெருங்காயத்தையும் நாம் எண்ணெயில் தாளிப்பதும் இதனால்தான்: அவற்றின் மணம் எண்ணெயில்தான் நன்றாக இறங்கும். எத்தனாலோ தண்ணீரோடும் கலக்கும், எண்ணெய் சார்ந்த மணத்தையும் இழுக்கும். தானும் சட்டென்று ஆவியாவதால், கரண்டியை வாயருகே கொண்டுபோகும்போதே அந்த மணத்தை மூக்குக்குக் கிளப்பிவிடுகிறது.

இதில் அளவுதான் எல்லாம். சாப்பிடும்போது சாஸில் ஏறத்தாழ 1 சதவீதம் எத்தனால் இருந்தால் மணம் எழும்பும். அதற்கு மேலே போகப்போக எத்தனாலின் நெடியே மற்றதை அமுக்கிவிடும், நாக்கும் எரியும். அந்த எரிச்சலுக்கும் மிளகாய்க்கும் நெருங்கிய உறவு உண்டு. மிளகாயின் காரப்பொருளான காப்சைசின் தூண்டுகிற, நரம்பில் சூட்டை உணரும் அதே ஏற்பியைத்தான் எத்தனாலும் தொடுகிறது. வழக்கமாக 42 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் விழித்துக்கொள்ளும் அந்த ஏற்பி, எத்தனால் பட்டால் 34 டிகிரியிலேயே விழித்துக்கொள்கிறது. உடம்பின் சூடே 37 டிகிரி. சூடே இல்லாத மதுவும் வாயில் சுடுவது போலிருப்பது இதனால்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 மில்லி வோட்காவில் எத்தனால் சுமார் 24 மில்லி. ஒரு லிட்டர் சாஸில் ஊற்றி, கிளறியபடி 15 நிமிடம் கொதிக்கவிட்டால் 10 மில்லி அளவு மிஞ்சும். அதாவது 1 சதவீதம்! இறக்கும் நேரத்தில் ஊற்றினால் சாஸ் கெட்டுப்போவதும் இதே கணக்கால்தான்.

“கொதிச்சா எல்லாம் ஆவியாயிடும்” என்ற பேச்சு தவறு என்பதும் இதிலேயே தெரிகிறது. எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும் என்பது உண்மைதான், ஆனால் அது தனியாக இருக்கும்போது. தண்ணீரோடு கலந்தபின் இரண்டும் சேர்ந்தேதான் ஆவியாகும். எத்தனால் குறையக்குறைய கலவையின் கொதிநிலை 100 டிகிரியை நெருங்கும், மிச்சத்தை விரட்டுவது கடினமாகும். அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, 30 நிமிடம் கொதித்த உணவில் ஊற்றிய எத்தனாலில் 35 சதவீதம் மிஞ்சும், இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகும் 5 சதவீதம் இருக்கும். வாணலியில் தீப்பற்ற வைக்கும் ஃப்ளாம்பேயில் 75 சதவீதம் அப்படியே தங்கும். அங்கே எரிவது மேலே எழும் ஆவிதான். ஆவி மெலிந்ததும் தீ அணைந்துவிடும், அடியில் இருக்கும் குழம்பு அப்படியே கிடக்கும்.

மதுவைத் தவிர்ப்பவர்கள், கர்ப்பிணிகள், குடியை விட்டு மீண்டு வருபவர்கள் ஆகியோருக்குப் பரிமாறும்முன் சொல்லியே ஆக வேண்டும். இதை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

இலங்கையில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் ரிச் கேக்கில் இன்னொரு வேலை நடக்கிறது. நறுக்கிய பழங்களையும் முந்திரியையும் பிராந்தியில் ஊறவைத்து, ரவை சேர்த்துச் சுடுகிறார்கள். சுருங்கிய உலர்திராட்சை நாள்போக்கில் பிராந்தியைக் குடித்து உருண்டு பளபளக்கும். பழத்தின் மணம் பிராந்தியில் இறங்கும், பிராந்தியின் மரவாசனை பழத்துக்குள் ஏறும். அடுப்பில் எத்தனாலில் ஒரு பகுதி போய்விடும். கேக் ஆறியபின் மேலே தெளிக்கும் இரண்டு கரண்டி பிராந்தியோ கொதியே காணாதது. வெட்டும்போது முதலில் மூக்கில் ஏறுவது அதுதான்.