குளிரில் நடுங்காமல் தூங்கும் உடல்

மத்திய ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் பகலெல்லாம் வெயில் அடித்தாலும், ஜூன், ஜூலை இரவுகளில் குளிர் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். அங்கே வாழ்ந்த பூர்வகுடிகள் ஆடையில்லாமல், கிளைகளால் போட்ட காற்றுத் தடுப்புக்குப் பின்னால், சிறுசிறு நெருப்புகளுக்கு நடுவே படுத்து அயர்ந்து தூங்கினார்கள். இது எப்படி முடிகிறது?

1930-களில் அடிலெய்டு பல்கலைக்கழகக் குழுக்கள் உள்பகுதிகளுக்குப் போனபோது, உடலியலாளர் செட்ரிக் ஸ்டான்டன் ஹிக்ஸ் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். அதே குழுக்கள் பல்லையும் தலையையும் அளந்தன, ரத்த வகை பார்த்தன. இன்று நாம் சொல்லும் அர்த்தத்தில் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அளவெடுக்கப்பட்டவர்களுக்கு அதனால் என்ன கிடைத்தது என்று கேட்டால், சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை.

சரி, கண்டது என்ன? குளிர்ந்தால் உடலுக்கு இரண்டு வழிகள். ஒன்று, நடுங்கி வெப்பத்தை உண்டாக்குவது. இன்னொன்று, தோலடி ரத்தக் குழாய்களைச் சுருக்கி, இருக்கும் வெப்பத்தை வெளியே விடாமல் காப்பது. தோலுக்கும் காற்றுக்கும் வெப்பநிலை வித்தியாசம் குறையக் குறைய இழப்பும் குறையும். பூர்வகுடிகள் இரண்டாவது வழியில் வெகுதூரம் போகிறார்கள் என்று ஹிக்ஸ் கண்டார்.

1958-ல் வெளியான, உடலியலாளர் பெர் ஷோலாண்டர் குழுவின் ஆய்வு இதைத் தெளிவாக்கியது. தோலில் வெப்பமானிகளைப் பொருத்தி, மூச்சில் ஆக்சிஜன் செலவை அளந்தபடி இரவு முழுக்கத் தூங்க வைத்தார்கள். உடல் கூடுதல் வெப்பம் உண்டாக்கினால் ஆக்சிஜன் செலவும் கூடும். ஒப்பீட்டுக்குப் படுத்த வெள்ளையர்கள் வெடவெடத்துப் புரண்டார்கள். ஆக்சிஜன் செலவு ஏறியது, தூக்கம் போனது. பூர்வகுடிகளுக்கோ செலவு ஏறவே இல்லை. தோல் நன்றாகக் குளிர்ந்தது, உடலின் உள்வெப்பம்கூட 35 டிகிரி அளவுக்கு இறங்கியது. அப்படியும் தூங்கினார்கள். உணவு அரிதான இடத்தில், நடுங்கி கலோரியை எரிக்காமல் விடிந்ததும் வெயிலில் சூடேறிக்கொள்வது சிக்கனம்தான்.

இதே ஷோலாண்டர் நார்வே மாணவர்களை மலையில் ஆறு வாரம் அரைகுறைப் போர்வையோடு தங்க வைத்தும் பார்த்தார். அவர்கள் பழகினார்கள், ஆனால் நேரெதிர் வழியில்: வெப்பத்தைக் கூட்டி, நடுங்கிக்கொண்டே தூங்கக் கற்றார்கள். அப்படியானால் பாலைவனத்து உடல் பழக்கத்தால் வந்ததா, பிறவியிலேயே உள்ளதா? ஷோலாண்டரோடு வேலை செய்த ஹேமல், குளிரே அதிகம் தெரியாத வடக்குக் கரைப் பூர்வகுடிகளைக் கோடையில் சோதித்தார். அவர்களுடைய அளவுகள் பாலைவனத்தாருக்கும் வெள்ளையர்களுக்கும் நடுவில் விழுந்தன. பிறவிக் கூறு கொஞ்சமாவது இருக்கிறது என்று அவர் கருதினார். பரிசோதிக்கப்பட்டவர்களோ விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதை வைத்து ஒரு மக்கள் இனத்தின் பிறவிக் குணத்தை முடிவு செய்வது எனக்கு அவசரமாகப் படுகிறது.