பாடம் இல்லாத அரை மணி நேரம்

2020 ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை மாலை. மதுரைக்குப் பக்கத்தில் நான் மனநல ஆலோசகராக வேலை பார்த்த பள்ளியின் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை முதன்முறையாகப் போன் திரையில் கூட்டியிருந்தேன். பதினெட்டுப் பேர் வந்தார்கள். பாதிப் பேருக்கு முகம் தெரியவில்லை, மின்விசிறிதான் தெரிந்தது.

"எல்லாரும் எப்படிப்பா இருக்கீங்க?"

"நல்லா இருக்கோம் மிஸ்."

"வீட்டுக்குள்ளேயே இருக்கிறது எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மிஸ்."

சந்தோஷம், கோபம், பயம், சலிப்பு என்று நான்கு முகங்களை அட்டையில் வரைந்து வைத்திருந்தேன். "இதில் இன்று நீங்கள் யார்?" என்று கேட்டேன். பதினெட்டுப் பேரும் சந்தோஷமான முகத்தைத்தான் சொன்னார்கள். பின்னால் அம்மாவோ அப்பாவோ உட்கார்ந்திருக்கும்போது வேறு எதைச் சொல்வார்கள்?

அந்த நேரத்தில் யார் வீட்டிலோ ஒரு சேவல் கூவியது. "ஏய், யார் வீட்டுச் சேவல் அது?" என்று ஒரு பெண் பிள்ளை கேட்டாள். அதுவரை வாயே திறக்காத ஒரு பையன் போனைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினான். திரை குலுங்கியது. வாசல், அம்மிக்கல், துணி காயும் கொடி எல்லாம் வந்து போய், கடைசியில் சேவல் வந்தது. அடுத்த இருபது நிமிடமும் நான் ஒன்றும் செய்யவில்லை. ஆட்டுக்குட்டி, மீன் தொட்டி, புதிதாகப் பிறந்த தம்பி என்று ஒவ்வொருவராகக் காட்டினார்கள். ஒரு பையன் பள்ளிக்கூடப் பையைத் திறந்து, மார்ச் மாதத்திலிருந்து அப்படியே கிடந்த சாப்பாட்டு டப்பாவைக் காட்டினான். காட்டிவிட்டு, "ஸ்கூல் எப்ப மிஸ் திறப்பாங்க?" என்று கேட்டான். அவன் குரல் உடைந்திருந்தது. நான் அட்டையில் வரைந்து வைத்திருந்த நான்கு முகமும் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தன.

அன்றிலிருந்து என் சனிக்கிழமைக் கூட்டத்தில் முதலில் "எப்படி இருக்கீங்க" கிடையாது. முதலில் விளையாட்டு. அது கூடிய பிறகு பேச்சு தானாக வரும். வராவிட்டாலும் பரவாயில்லை.

இதைச் சொல்லும்போது சில ஆசிரியர்கள், "விளையாட்டா? அது நேரத்தை ஓட்டுவதுதானே?" என்று கேட்பதுண்டு. இல்லை. பிள்ளைகள் பெரியவர்களைப் போல எதிரெதிரே உட்கார்ந்து மனசைத் திறப்பதில்லை. சொட்டாங்கல் ஆடிக்கொண்டே, பென்சிலைச் சீவிக்கொண்டே, பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்க்காமல்தான் சொல்வார்கள். கையில் வேலை இருந்தால் வாய்க்குப் பயம் குறையும். திரையில் இது இன்னும் முக்கியம். வீடியோ அழைப்பு ஏன் இவ்வளவு களைப்பைத் தருகிறது என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் நான்கு காரணங்களை எழுதினார். எல்லார் கண்ணும் நெருக்கத்தில் நம்மையே பார்ப்பது போன்ற உணர்வு, நம் முகத்தையே நாம் விடாமல் பார்த்துக்கொண்டிருப்பது, உடம்பை அசைக்காமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது, தலையசைப்பு, பார்வை போன்ற சாதாரண சைகைகளைப் படிக்கவும் மூளை கூடுதலாக உழைப்பது. அவர் எழுதியது பெரியவர்களின் அலுவலகக் கூட்டங்களைப் பற்றி. ஒரு பத்து வயதுப் பிள்ளையை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். காலையில் மூன்று மணி நேரம் ஆன்லைன் வகுப்பு, அது முடிந்ததும் "வா, மனசுவிட்டுப் பேசலாம்" என்று இன்னொரு திரை. எந்தப் பிள்ளைக்குத்தான் பேச வரும்?

அதனால் நாங்கள் தேர்ந்தெடுத்ததெல்லாம் எழுந்து ஓட வைக்கும் விளையாட்டுகள். "கலர் கலர் வாட் கலர்" நம் ஊரில் தெருவெல்லாம் ஆடுவதுதான். திரையில் அது அருமையாகப் பொருந்தும். ஒருவர் நிறத்தைச் சொன்னதும் மற்றவர்கள் வீட்டுக்குள் ஓடி அந்த நிறத்தில் ஒரு பொருளைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். "மஞ்சள்" என்றால் ஒருவன் மஞ்சள் பையோடு வருவான், ஒருத்தி பாட்டியின் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாட்டியோடு வருவாள். விலை உயர்ந்த எதுவும் தேவையில்லை. பொம்மை இல்லாத வீட்டிலும் மஞ்சள் இருக்கும்.

படம் வரைகிற விளையாட்டு ஒன்றும் உண்டு. டொனால்ட் வினிகாட் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர், மனப்பகுப்பாய்வாளரும்கூட, தன்னிடம் வரும் பிள்ளைகளோடு ஆடிய கிறுக்கல் விளையாட்டு அது. 1968இல் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒருவர் கண்போன போக்கில் ஒரு கோடு கிறுக்க வேண்டும், மற்றவர் அதை ஏதாவதொன்றாக மாற்ற வேண்டும், பிறகு மாறி மாறி. நான் ஒரு காகிதத்தில் கிறுக்கிக் காட்டுவேன். பிள்ளைகள் அதைப் பார்த்துத் தங்கள் நோட்டில் போட்டுக்கொண்டு முடிப்பார்கள். ஒரே கிறுக்கல் ஒருவனுக்குப் பாம்பாகும், ஒருத்திக்கு ரோடாகும். "இந்த ரோடு எங்கம்மா போகுது?" என்று மட்டும் கேட்பேன். "அப்பா வேலை பார்க்கிற திருப்பூருக்கு" என்பாள். "பாம்புன்னா உனக்குள்ள ஏதோ பயம் இருக்கு" என்று அர்த்தம் சொல்லவே கூடாது. அர்த்தம் சொல்ல ஆரம்பித்தால் அடுத்த வாரம் எல்லாரும் பூவும் வீடும்தான் வரைவார்கள்.

இனி வீட்டைப் பற்றி. எனக்கு அதிகம் பாடம் சொன்னது அந்தப் பக்கம்தான்.

கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து எடுக்கும் ஏசர் (ASER) என்ற கல்வி நிலை ஆய்வின்படி, வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கும் பிள்ளைகளின் பங்கு நாடு முழுவதும் 2018இல் 36.5 சதவீதம். 2021இல் அது 67.6 சதவீதமானது. பெரிய ஏற்றம்தான். ஆனால் அதே 2021இல், வீட்டில் போன் இருந்தும் 26 சதவீதப் பிள்ளைகளுக்கு அது பயன்படுத்தக் கிடைக்கவில்லை. வீட்டில் போன் இருப்பது வேறு, பிள்ளையின் கைக்கு அது வருவது வேறு. அப்பா வேலைக்குப் போகும்போது போனும் கூடப் போய்விடும். அண்ணன் பத்தாவது என்றால் தங்கைக்குக் கிடைக்காது. எங்கள் கூட்டத்தை அதனால்தான் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு மாற்றினோம். அப்பாக்கள் வீடு திரும்பும் நேரம். போன் கிடைக்காத பிள்ளைகளை, பக்கத்து வீட்டில் யார் வகுப்புத் தோழனோ அவனோடு சேர்த்துவிட்டோம். ஒரு திரையில் இரண்டு தலை தெரிந்தால் எனக்குத் தனிச் சந்தோஷம்.

கேமராவைப் போடச் சொல்லி யாரையும் நான் கட்டாயப்படுத்தியதில்லை. "முகத்தைக் காட்டு, அப்போதுதான் கலந்துகொண்டதாக அர்த்தம்" என்பது பாடவேளைக்கான விதி. ஒற்றை அறை வீட்டில் பின்னால் அம்மா சமைத்துக்கொண்டிருப்பார், தாத்தா படுத்திருப்பார், சுவர் காரை பெயர்ந்திருக்கும். இதைப் பதினேழு பேருக்குக் காட்ட ஒரு பிள்ளைக்குக் கூச்சமாக இருந்தால் அதில் என்ன தப்பு? குரல் போதும். குரலும் வேண்டாம் என்றால் பெயர் மட்டும் திரையில் இருக்கட்டும். மூன்று மாதம் வெறும் பெயராக மட்டுமே இருந்த ஒரு பெண், நான்காவது மாதம் விடுகதைக்கு விடை சொன்னாள். அந்த மூன்று மாதமும் அவள் கூட்டத்தில்தான் இருந்தாள்.

பெற்றோரிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: பின்னால் உட்கார்ந்து, "சொல்லுடா, மிஸ் கேட்கிறாங்கல்ல" என்று தூண்டாதீர்கள். ஒன்று, விளையாட்டில் நீங்களும் சேருங்கள். இல்லையென்றால் பிள்ளையைத் தனியாக விடுங்கள். நடுவில் நின்று கண்காணிப்பதுதான் பிள்ளையைப் பூட்டிவிடுகிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமையைக் குடும்பத்துக்கென்றே வைத்தோம். அதில் யாரும் எதிர்பார்க்காத நாயகிகள் அப்பத்தாக்களும் அம்மாச்சிகளும்தான். ஒரு அப்பத்தா விடுகதை போட ஆரம்பித்தால் முப்பது வீடும் அமைதியாகிவிடும். ஊரடங்கில் வீட்டுப் பெரியவர்களுக்கும் பேச ஆள் இல்லை என்பதை அந்தக் கூட்டங்களில்தான் கண்கூடாகப் பார்த்தேன். அம்மாக்களுக்கும் தனியாக ஒரு அரை மணி நேரம் கொடுத்தோம். முதல் வாரம் "இவன் படிக்கவே மாட்டேங்கிறான்" என்ற புகார்கள். மூன்றாவது வாரம் ஒரு அம்மா, "நான்தான் மேடம் சும்மா சும்மா கத்துறேன். கடை மூடி மூணு மாசம் ஆச்சு" என்றார். வேறு மூன்று அம்மாக்கள் உடனே "எங்க வீட்லயும் அப்படித்தான்" என்றார்கள். நான் ஆலோசனை எதுவும் சொல்லவில்லை. அவர்களுக்கு அன்று தேவைப்பட்டது அந்த "எங்க வீட்லயும்" என்ற வார்த்தைதான்.

2021 மே மாதம். அதை எழுதாமல் இந்தக் கட்டுரை முழுமையாகாது. இரண்டாம் அலையில் எங்கள் கூட்டத்துப் பெண் ஒருத்தியின் அப்பா இறந்துபோனார். பத்து நாள் அவள் வரவில்லை. மற்ற பிள்ளைகள் எனக்குத் தனித்தனியாகச் செய்தி அனுப்பினார்கள்: "அவ வந்தா என்ன மிஸ் பேசுறது?" துக்க வீட்டுக்குப் போக முடியாத காலம். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் நம் வழக்கத்தையே அந்த நோய் பிடுங்கிவிட்டிருந்தது. சரி, அவள் இல்லாமல் ஒரு நாள் முதலில் கூடினோம். "அழாதே" என்று சொல்ல வேண்டாம், "கடவுள் கூப்பிட்டுக்கிட்டார்" என்று சொல்ல வேண்டாம், எப்படி ஆச்சு என்று விசாரிக்க வேண்டாம் என்று பேசி வைத்தோம். அப்புறம் என்னதான் சொல்வது? ஒரு பையன் சொன்னான்: "நோட்ஸ் நான் எழுதி வச்சிருக்கேன்னு சொல்றேன் மிஸ்." அதைவிட நல்ல ஆறுதலை என் படிப்பு எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

அவள் வந்தாள், கேமரா இல்லாமல். பிள்ளைகள் அவள் பெயரைச் சொல்லி வரவேற்றார்கள். அந்தப் பையன் நோட்ஸ் பற்றிச் சொன்னான். பிறகு வழக்கம்போல "கலர் கலர்" விளையாடினோம். பாதியில் அவள் குரல், "எங்க அப்பாவுக்குப் பச்சைதான் பிடிக்கும்" என்றது. ஒரு பிள்ளை பச்சை நிறத்தில் எதையோ எடுத்துக்கொண்டு வந்து காட்டியது. பிறகு எல்லாரும். வேப்பிலை, பச்சைத் துண்டு, பிளாஸ்டிக் குடம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை, ஒருவரை இழந்தவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்தக் குடும்பத்துக்கும் அது தேவைப்பட்டது. விண்ணப்பம் நிரப்ப உதவியது அம்மாக்களின் கூட்டத்தில் அறிமுகமான இன்னொரு அம்மா.

ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் பள்ளி திறந்தது. ஏறக்குறைய 19 மாதம் ஆகிவிட்டிருந்தது. இனித் திரைக் கூட்டம் தேவைப்படாது என்றுதான் நினைத்தேன். ஆனால் எலும்பு முறிந்து இரண்டு மாதம் படுக்கையில் இருக்கும் பிள்ளை, புற்றுநோய்ச் சிகிச்சையில் ஆள் நெரிசலுக்குள் போகக் கூடாத பிள்ளை, வருஷ நடுவில் வேறு ஊருக்கு மாறிப்போய் அங்கே தோழர் இல்லாத பிள்ளை, இவர்களுக்கெல்லாம் பள்ளி இன்னும் மூடித்தான் இருக்கிறது. இவர்களுக்காக ஐந்தாறு பேர் கொண்ட சிறிய கூட்டம் போதும். எட்டுப் பேரைத் தாண்டினால் யாரோ ஒருவர் காணாமல் போய்விடுகிறார். அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மிகச் சின்னக் குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்று சொல்லும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம்கூட, 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் பதினெட்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு வீடியோ அழைப்பை மட்டும் விதிவிலக்காக வைத்தது. துபாயில் இருக்கும் அப்பாவோடு பேசுவதும் கார்ட்டூன் பார்ப்பதும் ஒன்றில்லை.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் நான் கறார். கூட்டத்தில் எப்போதும் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும். இணைப்பு முகவரியைப் பொதுக் குழுக்களில் போடக் கூடாது. பெயர் தெரியாதவரை உள்ளே விடக் கூடாது. பிள்ளைகள் அழுவதையோ பேசுவதையோ பதிவு செய்து ஸ்டேட்டஸில் போடுவது, எவ்வளவு அன்போடு செய்தாலும், துரோகம்தான். ஒரு பிள்ளை தன்னை யாரோ தொந்தரவு செய்வதாகச் சாடையாகச் சொன்னாலும் அதைக் கூட்டத்தில் கிளறாதீர்கள். தனியாகக் கேளுங்கள், நம்புங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழையுங்கள். பாலியல் தொல்லை என்றால் புகார் செய்வது போக்சோ சட்டப்படி நம் கடமை, நம் விருப்பம் அல்ல. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருந்தாலோ, "நான் இல்லாமப் போயிட்டா நல்லது" என்பது போன்ற பேச்சு ஒருமுறை வந்தாலோகூட, விளையாட்டுக் கூட்டம் போதாது. 14416 என்ற இலவச மனநல உதவி எண் 24 மணி நேரமும் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம். அருகில் உள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேரிலும் போகலாம்.

கூட்டத்தை முடிக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். "சரி, பை" என்று நானாகத் துண்டிப்பதில்லை. ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கையசைப்பேன். அவரவர் கிளம்புவார்கள். திரையில் கட்டங்கள் ஒவ்வொன்றாகக் குறையும். அநேகமாக ஒவ்வொரு வாரமும் ஒரு பிள்ளை கிளம்பாமல் இருக்கும். "என்னப்பா?" என்று கேட்டால், "சும்மாதான் மிஸ்" என்று பதில் வரும். நானும், கூட இருக்கும் டீச்சரும் எதுவும் கேட்காமல் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருப்போம். சில வாரம் அந்தச் சும்மாவுக்குப் பிறகு ஒரு வார்த்தை வரும். சில வாரம் வராது. அந்தப் பிள்ளை தானாகச் சிவப்புப் பொத்தானை அழுத்தும் வரை நாங்கள் அங்கேயே இருப்போம்.