மஞ்சள் இறங்கிவிட்டது, கல்லீரல் பிழைத்ததா?

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை இரண்டு வாரம் தாண்டியும் நீடித்து, மலமும் வெளிறிப்போனால் பிலியரி அட்ரீசியா இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். கல்லீரலுக்கு வெளியே இருக்கும் பித்தநாளங்கள் அழற்சியால் தழும்பாகி மூடிக்கொள்ளும் நோய் இது. ஜப்பானிய அறுவை மருத்துவர் மோரியோ கசாய் 1950களில் இதற்கு ஒரு வழி கண்டார். கெட்டுப்போன நாளங்களை வெட்டி எடுத்துவிட்டு, சிறுகுடலின் ஒரு பகுதியை மேலே கொண்டுவந்து கல்லீரலின் அடிப்பக்கத்தில் நேரடியாகத் தைத்துவிடுவது. குழந்தைக்கு 60 நாள் ஆவதற்குள் செய்தால் பித்தநீர் வடிவதற்கான வாய்ப்பு கூடும்.

சரி, பித்தநீர் வடிந்து மஞ்சளும் இறங்கிவிட்டது. அத்துடன் நோய் தீர்ந்ததா என்றால், இல்லை. சரிசெய்யப்பட்டது வெளியே போகும் பாதை மட்டும்தான். கல்லீரலுக்குள் ஓடும் நுண்ணிய நாளங்களிலும் அதே அழற்சி இருக்கிறது. பல குழந்தைகளுக்குத் தழும்பு மெதுவாக வளர்ந்துகொண்டே போகும்.

இன்னொரு சிக்கலை அறுவை சிகிச்சையே கொண்டுவருகிறது. இயல்பான உடலில் பித்தநாளம் குடலில் சேரும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை காவல் இருக்கும். புதிய இணைப்பில் அது கிடையாது. குடல் பாக்டீரியா மேலே ஏறிக் கல்லீரலுக்குள் தொற்றை உண்டாக்கலாம். அதனால்தான் இந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், 'சாதாரணக் காய்ச்சல்தான்' என்று வீட்டிலேயே காத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு தொற்றும் தழும்பைக் கூட்டும். முதல் 2 ஆண்டுகளில் இது அதிகம்; பெரியவர்களான பிறகும் வரலாம்.

தழும்பேறிய கல்லீரலுக்குள் குடலிலிருந்து வரும் ரத்தம் எளிதில் நுழைய முடியாது. அது பின்னால் தேங்கி அழுத்தம் ஏறும். மண்ணீரல் பெரிதாகும், ரத்தத் தட்டணுக்கள் குறையும், உணவுக்குழாய்ச் சிரைகள் புடைத்து, வெடித்தால் ரத்த வாந்தியோ கறுப்பு மலமோ வரும். கல்லீரல் பரிசோதனை முடிவுகள் ஓரளவு நன்றாக இருக்கும்போதே இதெல்லாம் நடக்கலாம் என்பதுதான் ஏமாற்றும் விஷயம். தட்டணு எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே வந்தால் அதை அலட்சியம் செய்யவே கூடாது. கர்ப்ப காலத்தில் இந்த அழுத்தம் மேலும் ஏறும் என்பதால், குழந்தை பெற நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே எண்டோஸ்கோபி செய்துகொள்வது நல்லது.

பித்தநீர் குறைந்தால் கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் சரியாக உறிஞ்சப்படாது. எலும்பு, ரத்த உறைவு இரண்டுமே பாதிக்கப்படும்.

காலப்போக்கில் பலருக்குக் கல்லீரல் மாற்று தேவைப்படுகிறது. அதைக் கசாய் சிகிச்சையின் தோல்வி என்று நான் பார்க்கமாட்டேன். குழந்தை வளரக் கிடைத்த அவகாசமே பெரிய லாபம்.

அப்புறம், பதினெட்டு வயதில் பெரியவர்களுக்கான மருத்துவரிடம் மாறும்போது பழைய அறுவை சிகிச்சைக் குறிப்பைக் கையோடு கொண்டுபோக வேண்டும். இவர்களுக்கு வழக்கமான பித்தநாளமே கிடையாது. பித்தநாளத்தைப் பார்க்கச் செய்யும் வழக்கமான எண்டோஸ்கோபியால் புதிய இணைப்பை எட்டுவதும் கடினம். இது தெரிந்திருந்தால் மருத்துவர் முதலிலேயே ஸ்கேன் பக்கம் போவார்.