உறைந்து உருகிய தடுப்பூசி

தடுப்பூசி வெப்பத்தில் கெட்டுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். குளிரிலும் கெடும். தடுப்பூசி இருப்பைக் கவனிக்கும் மருந்தாளுநரான எனக்கு இந்தக் குளிர்தான் பெரிய பயம்.

ஒருநாள் காலை பார்த்தால், இரவில் குளிர்பெட்டி மைனஸ் 2 டிகிரிவரை இறங்கியிருந்தது. ஹெபடைடிஸ் பி குப்பிகள் அப்போது திரவமாகத்தான் இருந்தன. "நல்லாத்தானே இருக்கு" என்றார் உடன் இருந்தவர். சரி, சோதித்துவிடலாம் என்று அதே தொகுதியைச் சேர்ந்த ஒரு குப்பியை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கினோம். அதையும் சந்தேகக் குப்பியையும் சேர்த்துக் குலுக்கி, வெளிச்சத்துக்கு எதிரே பக்கத்துப் பக்கத்தில் வைத்தோம். இரண்டிலும் வெள்ளைத் துகள்கள் ஒரே வேகத்தில் அடியில் இறங்க, மேலே தண்ணீர் தெளிந்துகொண்டே வந்தது. உறையாத மருந்து இவ்வளவு சீக்கிரம் தெளியாது. அந்தக் குப்பிகள் அத்தனையையும் ஒதுக்கினோம்.

அந்த வெள்ளைத் துகள்தான் அட்ஜுவன்ட், அதாவது தடுப்பூசியின் வேலையைக் கூட்டும் துணைப்பொருள். 1926இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் கிளென்னி டிஃப்தீரியா (தொண்டை அடைப்பான்) தடுப்பு மருந்தில் படிகாரம் என்ற அலுமினிய உப்பைச் சேர்த்துப் பார்த்தபோது எதிர்ப்புச் சக்தி கூடியது. இன்றும் பல தடுப்பூசிகளில் இருப்பது அலுமினிய உப்புதான். உறையும்போது பனிப்படிகங்கள் இந்தத் துகள்களை நெருக்கி ஒட்டவைத்துவிடும். உருகினாலும் அவை பழைய நிலைக்குத் திரும்பாது, வீரியமும் போய்விடும்.

புதிய அட்ஜுவன்ட்கள் வந்திருப்பது உண்மையிலேயே பெரிய விஷயம். 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அக்கித் தடுப்பூசி ஷிங்ரிக்ஸில், சிலி நாட்டு மரப்பட்டையிலிருந்து எடுக்கும் சபோனின் என்ற பொருள் அட்ஜுவன்ட்டாக இருக்கிறது. 50 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த ஆய்வுகளில் அது 90 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பு தந்தது. பழைய தடுப்பூசி தந்தது பாதியளவுதான். ஆனால் ஷிங்ரிக்ஸையும் உறையவிடக் கூடாது.

கோவிட் காலத்து ஃபைசர் எம்ஆர்என்ஏ தடுப்பூசியை மைனஸ் 70 டிகிரியில் வைத்ததைப் பார்த்து, குளிர் கூடக்கூட நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். அதில் எம்ஆர்என்ஏ என்ற மரபுச் செய்தியைச் சுமந்துசெல்வது கொழுப்பு நுண்துகள்கள், அலுமினியம் அல்ல. ஒன்றின் கணக்கை இன்னொன்றுக்குப் போடாதீர்கள். அலுமினியம் கலந்தவற்றுக்கு 2 முதல் 8 டிகிரிதான்.

அப்புறம், முகாமுக்குக் கிளம்புகிறவர்களுக்கு: ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே தடுப்பூசி எடுத்துச்செல்லும் பெட்டியில் அடுக்காதீர்கள். வெளியே வைத்திருங்கள். ஆட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்க வேண்டும். அதுவரை குப்பிகள் குளிர்பெட்டியிலேயே இருக்கட்டும்.