"இன்டர்வெல்லில் போயிருக்க வேண்டியதுதானே?"

மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெண் குழந்தை. நாலு மாதத்தில் மூன்றாவது முறையாகக் காய்ச்சலோடு வந்திருந்தாள், ஒண்ணுக்குப் போனால் எரிகிறது என்றாள். சிறுநீரில் என்ன கிருமி வளர்கிறது என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் மறுபடியும் அதே ஈ.கோலி கிருமி, சிறுநீர்த் தொற்று. இரண்டு முறை ஆன்டிபயாட்டிக் கொடுத்து, இரண்டு முறையும் சரியாகி, திரும்பவும் வந்திருக்கிறது என்றால் நான் ஏதோ ஒன்றைக் கேட்காமல் விட்டிருக்கிறேன். காலையில் கொடுத்துவிடும் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் எப்படி வருகிறது என்று அம்மாவிடம் கேட்டேன். "அப்படியே முழுசா வரும் டாக்டர், கறிவேப்பிலைச் செடிக்குத்தான் ஊத்துவேன்" என்றார். ஏன்மா குடிக்கிறதில்லை என்றதற்குப் பிள்ளை அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "குடிச்சா ஒண்ணுக்கு வரும். மிஸ் விட மாட்டாங்க."

பள்ளி டைரியில் நகம், முடி, ஷூ, பெல்ட், ஐடி கார்டு என்று வரிசையாக விதிகள் அச்சிட்டிருக்கும். பாடவேளையில் ஒண்ணுக்குப் போகக் கூடாது என்பது பெரும்பாலும் அதில் இருக்காது, ஆனால் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், எல்லோருக்கும் மனப்பாடம். குழந்தைகள் நல மருத்துவராக நான் பார்க்கிற பள்ளி விதிகளில் உடம்பை நேரடியாகக் கெடுப்பது இதுதான்.

குழந்தையின் சிறுநீர்ப்பை எவ்வளவு பிடிக்கும் என்று கணக்கிட எங்களிடம் எளிய வழி ஒன்று உண்டு, வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்கினால் மில்லிலிட்டரில் வரும். எட்டு வயதுக்கு 270. நன்றாகத் தண்ணீர் குடிக்கிற பிள்ளை ஒரு நாளைக்கு நாலு முதல் ஏழு முறை போவது இயல்பு. ஏழரைக்கு வேன் ஏறி நாலரைக்கு இறங்குகிற பிள்ளை அந்த ஒன்பது மணி நேரத்தில் ஒரே முறை, சில நாள் அதுவும் இல்லாமல் இருந்தால் உள்ளே என்ன நடக்கும்? சிறுநீர் தேங்கும். கிருமிகளை வெளியே அடித்துக்கொண்டு போக வேண்டியது அந்தச் சிறுநீர்தான். பெண் குழந்தைகளுக்குச் சிறுநீர்க் குழாய் குட்டையாக இருப்பதால் கிருமி மேலே ஏறுவது சுலபம். இன்னொன்று, மாதக்கணக்கில் இறுக்கி அடக்கியே பழகிய தசை, கழிப்பறையில் நிம்மதியாக உட்காரும்போதும் சரியாகத் தளராது, பாதி போய்ப் பாதி உள்ளேயே தங்கிவிடும். ஸ்கேனில் அந்த மிச்சத்தைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும், பிறவிக் கோளாறு எதுவும் இல்லாத பிள்ளைக்கு நாம் கற்றுக்கொடுத்த நோய் அது.

அடக்குகிற பிள்ளையை அடையாளம் தெரிந்துகொள்ளலாம். காலைப் பின்னிக்கொள்ளும், சில பிள்ளைகள் குத்துக்காலிட்டுக் குதிகாலை அடியில் வைத்து அழுத்திக்கொள்ளும். வகுப்பில் இதற்கு "நெளியாம நேரா உட்காரு" என்று திட்டு விழும். அந்தப் பிள்ளை சேட்டை செய்யவில்லை, முழு மூச்சாக அடக்கிக்கொண்டிருக்கிறது. மலத்தை அடக்கும் பையன்களும் வருகிறார்கள், மலச்சிக்கல் முற்றி உள்ளாடையில் கசிந்து, பக்கத்துப் பையன் மூக்கைப் பிடித்த பிறகு பள்ளிக்கே போக மாட்டேன் என்று அழுகிறவர்கள்.

ஆசிரியர்களின் சங்கடமும் எனக்குத் தெரியும். ஒருத்தரை விட்டால் பின்னாலேயே நாலு கை தூக்கும், வெளியே போன பிள்ளைக்கு ஏதாவது ஆனால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். சரி, அப்படியானால் இன்டர்வெல் போதுமா என்று கணக்குப் போடுவோம். 300 பெண் பிள்ளைகள், ஆறு கழிப்பறை, பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது 12 வினாடி. அதற்குள் போக முடியாத பிள்ளைகள் "இன்டர்வெல்லில் போயிருக்க வேண்டியதுதானே" என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்வார்கள்? கேரளப் பள்ளிகளில் 2019ல் தண்ணீர் குடிப்பதற்கென்று தனி மணி அடிக்கத் தொடங்கினார்கள், பிறகு தமிழ்நாட்டிலும் வந்தது. நல்ல ஏற்பாடு, மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் மணி அடித்துக் குடிக்கச் சொல்லிவிட்டு, முக்கால் மணி நேரம் கழித்து எழுந்து நிற்கிற பிள்ளையை உட்கார் என்றால் மறுநாள் அது குடிக்காது.

எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பெண் பிள்ளைகளின் பாடு வேறு. மாதவிடாய் நாட்களில் நாப்கின் மாற்றவேண்டும் என்பதை நாற்பது பேருக்கு முன்னால், பல நேரம் ஓர் ஆண் ஆசிரியரிடம், எப்படிக் கேட்பது? தமிழ்நாட்டில் புதுயுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு நாப்கின் இலவசமாகத் தருகிறார்கள். கையில் நாப்கின் இருந்தும் எழுந்து போக முடியாமல் மதியம்வரை ஒன்றையே வைத்துக்கொண்டு, தொடையெல்லாம் புண்ணாகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, குழந்தையை உடலாலோ மனதாலோ துன்புறுத்தக் கூடாது என்கிறது. கெஞ்சவைத்து, கடைசியில் வகுப்பிலேயே நனைந்துபோகும்படி விடுவது அதில்தான் சேரும் என்பது என் கருத்து.

அந்தப் பெண் குழந்தைக்கு மருந்துச் சீட்டோடு பள்ளிக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தேன், இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு முறை அவசியம் அனுப்பவும் என்று. வகுப்பு ஆசிரியை அவராகவே போன் செய்தார். இதனால் காய்ச்சல்கூட வரும் என்று யாரும் தனக்குச் சொன்னதில்லை என்றார். கதவோரம் இடம் மாற்றி, கேட்க வேண்டாம், என்னைப் பார்த்து விரலைக் காட்டிவிட்டுப் போ என்று சொல்லிவிட்டார். அப்புறம் அதை வகுப்பு முழுக்கவே வைத்துக்கொண்டாராம், ஒரு வாரம் எல்லோரும் போய்ப் போய் வந்தார்கள், பிறகு தேவைப்பட்டவர்கள் மட்டும் போனார்கள். எட்டு மாதமாக அவளுக்குத் தொற்று இல்லை.

உங்கள் பிள்ளை வேனிலிருந்து இறங்கியதும் பையைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடினால், இன்றைக்கே பாட்டிலைத் திறந்து பாருங்கள், பள்ளியில் எத்தனை முறை போனாய் என்று திட்டாமல் கேளுங்கள். கடிதம் வேண்டுமென்றால் உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள், எழுத ஐந்து நிமிடம்கூட ஆகாது.