‘யாரிடமும் சொல்லாதே’ என்று முடியும் தீர்க்கதரிசனம்

காரைக்குடியில் ஒரு வங்கிக் கிளையில் நகை மதிப்பீட்டாளராக இருக்கிறேன். அப்பாவின் பட்டறையில் கற்ற தொழில். அடகுக்கு வரும் நகையை எடை போட வேண்டும், உரைகல்லில் உரைத்து மாற்றுப் பார்க்க வேண்டும், கல் எடையைக் கழித்துக் கையெழுத்திட வேண்டும். எதற்காக அடகு வைக்கிறீர்கள் என்று கேட்பது என் வேலை அல்ல. அதற்கு விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. பெரும்பாலும் ‘குடும்பச் செலவு’ என்று நிரப்பிவிடுவார்கள். ஆனால் தராசு முன் நிற்கும் ஐந்து நிமிடத்தில் மனிதர்கள் பேசிவிடுகிறார்கள். நான் சபைக்குப் போகிறவன் என்று தெரிந்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே பேசுகிறார்கள்.

அப்படித்தான் சில ஆண்டுகளாக ஒரு புதுச் செலவு காதில் விழுகிறது: விதைக் காணிக்கை. பல மடங்காகத் திரும்பும் என்ற வாக்கை நம்பி ஊழியருக்குக் கொடுக்கும் பணம்.

புதுவயல் பக்கமிருந்து ஒரு சகோதரி வந்தார். ஐந்து பவுன் சங்கிலி, பழைய வேலைப்பாடு, கொக்கி மட்டும் தளர்ந்திருந்தது. கணவர் சிங்கப்பூரில், மகனுக்குப் படித்து முடித்தும் வேலை அமையவில்லை. தொலைபேசியில் ஜெபிக்கும் ஊழியர் ஒருவர், இவர் சொல்லாமலே மகனின் பெயரைச் சொன்னாராம். வாசலில் வேப்பமரம் நிற்பதையும் சொன்னாராம். (வேப்பமரம் நிற்காத வாசல் எங்கள் பக்கம் எத்தனை இருக்கிறது? மகனின் பெயரோ, அவர் வாட்ஸ்அப் படத்தின் அடியிலேயே இருந்தது.) உன்னிடம் உள்ளதில் விலையேறப்பெற்றதை விதைத்துவிடு, மூன்று மாதத்தில் நூறு மடங்காகத் திரும்பும் என்று வாக்கு வந்திருக்கிறது. கடைசியாக ஓர் எச்சரிக்கை: “இதை யாரிடமும் சொல்லாதே. சொன்னால் ஆசீர்வாதம் தடைபடும்.”

“அண்ணே, ஆண்டவர் பேசியிருக்கும்போது நான் யோசிக்கலாமா?” என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தொழிலில் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். சபையில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருகிறவர், உள்ளே வரும்போதே ‘ஸ்தோத்திரம்’ என்பார். அவர் கொண்டுவந்த கனத்த வளையல்களை உரைகல்லில் இழுத்தேன். கோடு மஞ்சளாக விழுந்தது, திராவகம் விட்டும் கலையவில்லை. வழக்கமாக அரத்தால் ஓரிடத்தில் கீறி உள்ளே பார்ப்பேன். தெரிந்தவர் ஆயிற்றே, மனம் நோகுமே என்று அன்றைக்கு விட்டுவிட்டேன். கெடு முடிந்து ஏலத்துக்கு எடுத்தபோது உள்ளே வெள்ளி. மேலே கனமான தங்கப் பூச்சு. நஷ்டத்தை என் கையிலிருந்து கட்டினேன்.

உரைகல் பொய் சொல்லவில்லை. அது தொட்டது மேல்தோலை மட்டும். மேல்தோல் உண்மையிலேயே தங்கம்தான். தங்கத்தின் அடர்த்தி 19.3, வெள்ளியின் அடர்த்தி 10.5. தண்ணீரில் போட்டு எடை பார்த்திருந்தால்கூட அன்றே பிடிபட்டிருக்கும். அந்த ‘ஸ்தோத்திரம்’ என் கையைக் கட்டிப்போட்டது.

“ஆவிகள் தேவனால் உண்டானவைகளோ என்று சோதித்தறியுங்கள்” என்று வேதாகமத்தில் 1 யோவான் 4:1 சொல்கிறது. அங்கே வரும் கிரேக்கச் சொல் ‘டொகிமாட்சோ’. உலோகத்தையும் நாணயத்தையும் சோதிப்பதற்குப் புழங்கிய சொல் அது. பொன் அக்கினியினால் சோதிக்கப்படுவதாக 1 பேதுரு 1:7 சொல்லும் இடத்திலும் அதுவே வருகிறது. போதகர் ஒருவர் இதை விளக்கிய நாளில் எனக்குச் சிரிப்பு வந்தது. தினமும் பத்து மணிக்கு உட்கார்ந்து செய்கிற வேலையை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பலரும் தவறுவது ஓர் இடத்தில்தான். ‘அவர் சொன்னது பலித்ததே’ என்பார்கள். பெயரைச் சொன்னார், நோயைச் சொன்னார், ஆகவே தேவ மனிதர். உபாகமம் 13-ஐத் திறந்து பாருங்கள். தீர்க்கதரிசி சொன்ன அடையாளம் அப்படியே நடந்தாலும், அவன் உங்களை வேறு தெய்வத்திடம் இழுத்தால் கேட்காதீர்கள் என்று இருக்கிறது. பலித்தது என்பது உரைகல்லில் விழும் மஞ்சள் கோடு. அவர் உங்களை எங்கே கொண்டுபோகிறார் என்பதை அரம் வைத்துத்தான் பார்க்க வேண்டும். என் பார்வையில் நூறு மடங்கு வட்டி தரும் கடவுளும் வேறு தெய்வமே.

அந்த நூறு மடங்கை மாற்கு 10:30-லிருந்து எடுக்கிறார்கள். அந்த வசனம் ‘துன்பங்களோடேகூட நூறத்தனையாக’ என்கிறது. பத்திரத்தின் கடைசி வரிவரை படிக்காமல் கையெழுத்துப் போடாத ஊர் எங்களுடையது. பர்மா வரை போய்க் கொடுக்கல் வாங்கல் செய்து, பேரேடு எழுதிய மண். இங்கேயே அந்த ஒற்றைச் சொல்லை விழுங்கிவிட்டுப் பிரசங்கம் நடக்கிறது! ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் போட்ட இரண்டு காசும் அப்படித்தான். மாற்கு 12:42-ஐ உருக்கமாக வாசிப்பார்கள். இரண்டே வசனம் மேலே, ‘விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம்பண்ணுகிற’ வேதபாரகரை, அதாவது அன்றைய வேத போதகர்களை, இயேசு கண்டித்திருப்பதை வாசிக்க மாட்டார்கள்.

கேள்வி கேட்டால் ‘அபிஷேகம் பெற்றவரைத் தொடாதே’ என்ற அதட்டல் வரும். 105-ஆம் சங்கீதத்தில் அது ஊர் ஊராய்த் திரிந்த ஆபிரகாமின் குடும்பத்துக்குத் தீங்கு செய்யாதபடி ராஜாக்களுக்குச் சொன்னது. காணிக்கைக்குக் கணக்குக் கேட்பதைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. பவுலோ, தீர்க்கதரிசிகள் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்று 1 கொரிந்தியர் 14:29-இல் சபைக்கே அந்த வேலையைக் கொடுத்திருக்கிறார். ‘டிடாக்கே’ என்ற ஆதித் திருச்சபைக் கையேடு இன்னும் கறார்: தீர்க்கதரிசி ஆவியில் பேசித் தனக்குப் பணம் கேட்டால் செவிகொடுக்காதே, வறுமையில் வாடும் மற்றவர்களுக்காகக் கேட்டால் குறை சொல்லாதே.

காணிக்கை கொடுப்பதையே நான் தவறு என்று சொல்லவில்லை. தன் வீட்டுக் கூரை ஒழுகினாலும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டும் போதகர்களை எனக்குத் தெரியும். அவர்களில் எவரும் ரகசியம் காக்கச் சொன்னதில்லை.

ரகசியம் என்றதும் எனக்கு ஓரியூர் நினைவுக்கு வரும். தேவகோட்டையைத் தாண்டிப் போனால் அந்தச் செம்மண். 1693-இல், ஜான் டி பிரிட்டோ என்ற இயற்பெயர் கொண்ட கத்தோலிக்க மறைப்பணியாளர் அருளானந்தர் தலை வெட்டப்பட்ட இடம். நான் சீர்திருத்த சபைக்காரன், புனிதர் வணக்கம் என் வழக்கமில்லை. ஆனால் அவர் சார்ந்த இயேசு சபையின் நிறுவனர் இஞ்ஞாசியார் ஆவிகளைத் தேர்ந்து தெளிய எழுதிய விதிகளில் ஒன்றை எங்கள் சபையிலும் ஒட்டிவைக்கலாம். தீய ஆவி, வஞ்சகக் காதலனைப் போல, தன் பேச்சு தகப்பனுக்கோ கணவனுக்கோ எட்டக் கூடாது என்று விரும்புமாம். வெளியே தெரிந்தால் அதன் காரியம் கெட்டுவிடும்.

அந்தச் சகோதரியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. வரிசையில் ஏழு பேர் நின்றார்கள், மேலாளரும் பார்த்துக்கொண்டிருந்தார். “அம்மா, நகை நல்ல நகை, கடன் கிடைக்கும். வைப்பதற்கு முன் சிங்கப்பூருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்” என்றேன்.

“சொல்லக் கூடாது என்றுதானே, அண்ணே...”

“அதனால்தான் சொல்லச் சொல்கிறேன்.”

முகம் சிவந்து வெளியே போனார். இப்படிப் போனவர்களில் சிலர் வேறிடத்தில் அடகு வைத்திருக்கிறார்கள். பிறகு ஏல அறிவிப்போடு என்னிடம் வந்து நின்றிருக்கிறார்கள். இவர் அரைமணி நேரம் தாழ்வாரத்தில் போனும் கையுமாக நடந்தார். அழுதது கண்ணாடி வழியே தெரிந்தது. திரும்பி வந்து, சங்கிலியை மேசைமேல் வைத்தார். எடைத்தட்டை இழுத்தேன்.

“வேண்டாம் அண்ணே. கொக்கியை மட்டும் இறுக்கித் தருவீர்களா?”